தாலித் தட்டோடு ரோட்டைக் கடந்தது

ஒன்பது வயதில், என் அத்தையின் கல்யாணத்தன்று, முகூர்த்த நேரத்தில் தாலித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நான் மண்டபத்தை விட்டு வெளியே போனது சரியா, தப்பா? இருபத்திரண்டு வருஷமாக யோசிக்கிறேன். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டது ஒரு படிவம். இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளை ஒரு டாக்டரிடம் காட்டினால் நல்லது என்று அவளுடைய டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டாக்டர், வீட்டில் வைத்து நிதானமாக நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று நான்கு பக்கம் கொடுத்தார். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாளா? போட்ட திட்டம் மாறினால் கலங்கிப்போவாளா? முகத்தைப் பார்த்து மனதில் இருப்பதைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவாளா? நான் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் கணவர், “இது பிள்ளைக்கா, ஒனக்கா?” என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. அதுதானே என் பிரச்சினை.

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அஸ்பெர்கர் என்று முன்பு சொல்வார்களாம். இப்போது ஆட்டிசத்தின் ஒரு வகை என்று சேர்த்துவிட்டார்களாம். எனக்கு எந்த டாக்டரும் எதையும் எழுதித் தரவில்லை. ஆனால் ஒருவருக்குப் போன் செய்வதற்கு முன் பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதும், பேசுகிறவரின் முகத்தை எத்தனை நேரம் பார்ப்பது என்று மனதுக்குள் எண்ணுவதும் எல்லாரும் செய்கிற வேலை இல்லை என்பது முப்பத்தோரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் “போயிட்டு வாறேன்” என்று சொன்னதும் நான் போய்விடுவேன். மற்றவர்கள் அதைச் சொன்ன பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். முக்கியமான பேச்செல்லாம் அப்போதுதான் நடக்கிறதாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அத்தையின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அதையே ஒரு குற்றமாக ஆயுள் முழுக்கச் சொல்வார்கள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த வீட்டுக்கு எந்த பஸ், எத்தனையாவது திருப்பம் என்பது அப்பாவைவிட எனக்குத்தான் ஞாபகம் இருக்கும். நான் ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு ஒவ்வொரு வீட்டையும் எழுதிக்கொண்டேன். மொத்தம் நாற்பத்துமூன்று வீடு. எல்லா வீட்டிலும் கிளம்பும்போது அப்பா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: “நீங்க வராம தாலி கட்டமாட்டோம்.”

அருமனைப் பெரியப்பா வீட்டிலும் சொன்னார். பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். அத்தையையும் சேர்த்து உடன்பிறந்த மூன்று பேரில் மூத்தவர். ஒரு வேலிக்காக இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்று அப்பா படியேறாமல் முற்றத்தில் நின்றே பத்திரிகையை நீட்டினார். பெரியப்பா வாங்கி, பார்க்காமல் ஜன்னலில் வைத்தார். எங்களுக்குக் காப்பி தரவில்லை. நாற்பத்துமூன்றில் காப்பி தராத வீடு அது ஒன்றுதான் என்று நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

கல்யாணம் தக்கலையில், மெயின் ரோட்டை ஒட்டிய மண்டபத்தில். நான் நோட்டோடு வாசலில் நின்று, வந்தவர்களுக்கு டிக் போட்டேன். பன்னீர் தெளிக்கத்தான் என்னை நிறுத்தியிருந்தார்கள். ஒரு கையால் அதையும் செய்தேன். பத்து மணிக்குள் நாற்பத்திரண்டு டிக் விழுந்துவிட்டது. பெரியப்பா மட்டும் இல்லை.

முகூர்த்தம் நெருங்கியதும் தாலியைத் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையில் சுற்றிக்கொண்டு வருவார்கள். அம்மாதான் தட்டை எடுத்துப் போனாள். பாதியில் மணமேடையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். அத்தையின் சேலையில் ஏதோ ஊசி குத்த வேண்டும். அம்மா தட்டை என்னிடம் கொடுத்து, “பின்வரிசைக்கும் காட்டீட்டு சட்டுனு வா மக்கா, ஒருத்தரயும் விட்டிராத” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பின்வரிசை முடிந்தது. நான் வாசலைப் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில், கரை வேட்டியும் புதுச் சட்டையுமாகப் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஒரே மகிழ்ச்சி. நோட்டு நிறையப் போகிறது. வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், பள்ளியில் சொல்லித் தந்தபடி மறுபடியும் வலது பக்கம் பார்த்தேன். நாகர்கோவில் பஸ் ஒன்று போனது. கடந்தேன்.

“பெரியப்பா, தொட்டுக் கும்பிடுங்க. ஒங்களுக்கு மட்டுந்தான் டிக் போடல்ல.”

பெரியப்பாவின் கையிலிருந்த டீ சட்டையில் கொஞ்சம் தளும்பியது. “ஒங்கப்பன் அனுப்பினானாட்டி?”

“இல்ல. அப்பாக்குத் தெரியாது. நீங்க வராம தாலி கட்டமாட்டோம்னு சொன்னாவல்லா? இப்பம் கட்டப்போறாவ.”

“அத எல்லா வீட்டுலயும் சொல்லியிருப்பான்.”

“ஆமா. நாப்பத்திமூணு வீட்டுலயும் சொன்னாவ. ஒங்க வீட்டுல மட்டும் சத்தமே வரல்ல. தொண்ட அடச்சிப்போச்சி.”

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. யாரையும் பேசி வளைக்கவும் தெரியாது. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். டீ ஆறுகிறது என்று நான் ஞாபகப்படுத்தினேன். பெரியப்பா கிளாஸை வைத்துவிட்டுத் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். நான் நோட்டை இடுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால், தட்டைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னேன். டிக் போட்டேன். அதற்குப் பிறகு அவர் தட்டைத் திருப்பித் தரவில்லை. ஒரு கையில் தட்டும் மறு கையில் நானுமாக ரோட்டைக் கடந்தார்.

அதற்குள் மண்டபத்தில் தாலியைக் காணவில்லை. மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்களாம். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்களாம். அத்தை மணமேடையில் அழுதுகொண்டிருந்தாளாம். அப்பா வாசலுக்கு ஓடி வந்து எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஏட்டி, எங்க கொண்டுட்டுப் போன?” என்று என்னைக் கேட்டார். பார்த்தது பெரியப்பாவை.

“பிள்ளைய ஏசாத. நேரம் போச்சு, உள்ள நட” என்றார் பெரியப்பா.

இரண்டு வருஷச் சண்டை அவ்வளவில் முடிந்தது. அத்தைக்கு அண்ணன்மார் இருவரும் பக்கத்தில் நிற்கத் தாலி ஏறியது. முகூர்த்தம் நாலு நிமிஷம் தாண்டிவிட்டது என்று நான் மண்டபக் கடிகாரத்தைக் காட்டி உரக்கச் சொன்னேன். சித்தி என் வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தாள். பந்தியில் சொந்தக்காரர்கள் என்னை வக்கீல் மூளை, தூது போன புத்திசாலி என்று கொண்டாடினார்கள். அம்மா மட்டும் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். எதற்குக் கொண்டாட்டம், எதற்குக் கிள்ளு, இரண்டுமே எனக்கு விளங்கவில்லை.

பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள்: பெரியப்பா அன்று காலை எட்டு மணிக்கே வந்து அந்தக் கடையில் நின்றாராம். அப்பா பார்த்தாராம். அம்மாவும் பார்த்தாளாம். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்களாம். அழைக்க வேண்டியவர் அழைக்கட்டும் என்று அவரும், வர வேண்டியவர் வரட்டும் என்று இவரும். பார்த்த ஒருவரைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்பது, அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் என் தம்பிக்குக் கல்யாணம். தாலித் தட்டைச் சுற்றும்போது என் மகளும் கூடவே அட்சதைத் தட்டு எடுத்து வரட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மகள் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டு, ஒரு நோட்டில் கட்டம் போடத் தொடங்கிவிட்டாள். இந்தக் கல்யாணத்திலும் யாரோ இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. யார் என்று அவளுக்குத் தெரியாது.

நான் இருபது வருஷமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றதையெல்லாம், எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும் என்பதையெல்லாம், ஆவணிக்குள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடட்டுமா? சொல்லாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். அவள் பந்தியில் உட்கார்ந்து, ஏன் என்று தெரியாமல் முழிப்பாள். சொல்லிவிட்டால், அவள் கண்ணுக்கும் டீக்கடையில் நிற்பவர் தெரியாமல் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உங்களில் இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவர்களோ, இப்படிப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவர்களோ இருந்தால், என்ன செய்யலாம் என்று எனக்கு எழுதுங்கள். சுற்றி வளைக்காமல் நேராகவே எழுதுங்கள். எனக்கு அதுதான் புரியும்.