கையெழுத்துக்கு முந்திய கத்தி

நஸீஹாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ராமநாதபுரத்து நர்சுகள் எல்லோருக்கும் தெரியும். புதுமடத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, பதினெட்டு வருஷமாக ஒரே லேபில் வேலை பார்க்கிறாள். உடம்பிலிருந்து வெட்டிய சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற மாதிரி கண்ணாடித் துண்டில் ஒட்டித் தருவாள். பார்த்துச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் டாக்டர் பிரபாகரன், மதுரைக்காரர். செவ்வாயும் சனியும் வருவார். வருவதாகப் பேச்சு.

தோல் கட்டிகள்தான் அவளுக்கு அதிகம் ஆத்திரமூட்டும். தலையில், முதுகில், காதுக்குப் பின்னால் வருகிற சாதுவான கட்டிகள். "கொழுப்புக் கட்டிதானே" என்று லேபுக்கு அனுப்பாமல் வாளியில் எறிகிற டாக்டர்கள் பாதி. பார்த்த மாத்திரத்தில் புற்று என்று மிரட்டுகிறவர்கள் மீதி. "வெறுங்கண்ணால பாத்தே சொல்லிருவாகன்னா நான் எதுக்கு இங்கன உக்காந்திருக்கேன்?" என்று போனில் சத்தம் போடுவாள். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள்.

போன திங்கட்கிழமை பாம்பனிலிருந்து முருகேஸ்வரி வந்தாள். கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவள், வயது முப்பத்தாறு. வலது கை ஆட்காட்டி விரல் நுனியில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் அரித்துத் தெரிந்ததாம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதில் துணுக்கு வெட்டி, குப்பியை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"கேன்சராம் அக்கா. புதன்கிழமை வெரலையே எடுக்கணுங்குறாக. வெரலு போச்சுன்னா பாறையில ஒட்டுன பாசிய எப்படிப் பிடுங்குவேன்?"

"அந்த இடத்துல முந்தி அடி கிடி பட்டுச்சா?"

"மூணு வருஷத்துக்கு முந்தி பாறை கிழிச்சுச்சு. வெரல்ல துணியச் சுத்திக்கிட்டுதான் முங்குவோம். அன்னைக்கு அவுந்து போச்சு."

"இத டாக்டர்ட்டச் சொன்னியா?"

"அவரு கேக்கலையே."

நஸீஹா குப்பியை வாங்கி உடனே வேலையைத் தொடங்கினாள்.

செவ்வாய் மத்தியானம் ஸ்லைடு தயாரானது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கட்டியின் சுவர் முழுக்கத் தோல். அடுக்குப் பிசகாத நல்ல தோல். உள்ளே வெங்காயச் சருகு போல உதிர்ந்த தோல் மேல் மேலாகப் படிந்திருந்தது. பாறை கிழித்தபோது மேல்தோலில் ஒரு துளி உள்ளே புதைந்திருக்கிறது. வெளியே உதிர வழியில்லாமல் மூன்று வருஷமாக உள்ளேயே உதிர்த்து, வீங்கி, எலும்பை நெருக்கியிருக்கிறது. புற்றில் காணும் கன்னாபின்னா வளர்ச்சி எந்த மூலையிலும் இல்லை. கட்டியை மட்டும் எடுத்தால் போதும்.

அன்று பார்த்து டாக்டர் பிரபாகரன் வரவில்லை. வீட்டில் விசேஷம். போன் செய்தாள்.

"சனிக்கிழமை பாத்துக்கலாம்மா."

"புதன்கிழமை வெரல வெட்டிருவாங்க சார்."

"ரிப்போர்ட் பார்க்காம எவன் வெட்டுவான்?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வந்தால் பேசலாம், டெக்னீஷியன் சொல்லையெல்லாம் கேட்க முடியாது என்று பதில் வந்தது. ஸ்லைடைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். பரமக்குடி வரைக்கும் நின்றுகொண்டேதான் போனாள். பிரபாகரன் விசேஷ வேட்டியோடு வந்து, தன் கிளினிக் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டே நிமிஷம். "நீங்க சொன்னது சரிதான் நஸீஹா" என்று கையெழுத்துப் போட்டார். இந்த இரண்டு நிமிஷத்துக்காக அவள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே ரிப்போர்ட்டோடு ஆஸ்பத்திரியில் நின்றாள். ஆபரேஷன் பத்து மணிக்கு. ஆனால் முருகேஸ்வரி கட்டிலில் கிடந்தாள். வலது கை முழுக்கக் கட்டு, இடது கையில் குளுக்கோஸ். மயக்க ஊசி போடும் டாக்டர் செவ்வாய் சாயங்காலமே வந்துவிட்டாராம்; சோலியை முடித்துவிட்டார்கள்.

"கேன்சர வேரோட எடுத்துட்டாகளாம் அக்கா" என்று முருகேஸ்வரி சிரித்தாள். "வெரலு போனாப் போகுது. எம்பிள்ளைகளுக்கு நான் இருக்கேன்."

நர்ஸ் செவ்வந்தி ரிப்போர்ட்டை எட்டிப் பார்த்துவிட்டு நஸீஹாவை ஓரமாக இழுத்தாள். "அவ நிம்மதியா இருக்கா. போன வெரலு திரும்பவா வரப்போகுது? விட்டுருங்கக்கா."

ஒரு நொடி அது நியாயமாகக்கூடப் பட்டது. அப்படிப் பட்டதே நஸீஹாவுக்கு உச்சிவரை எரிந்தது. கையை உதறிவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"முருகேஸ்வரி, உனக்குக் கேன்சரே இல்ல. என்னைக்குமே இருந்ததில்ல. பாறை கிழிச்சதுல வந்த சாதாக் கட்டி. நேத்து மத்தியானமே எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கத்தான் ஓடினேன். அதுக்குள்ள வெட்டிட்டாக."

முருகேஸ்வரி அழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப என் வெரல எதுக்கு எடுத்தாக?"

"அத நீ அவருட்டத்தான் கேக்கணும்."

"அந்தப் பேப்பரக் குடுங்க" என்று இடது கையால் வாங்கிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கினாள். செவ்வந்தி பதறிப்போய்க் கதவை மறித்தாள். "டாக்டர் இப்ப ரவுண்ட்ஸ் வருவாரு. படுங்கம்மா."

"அவரு வர வேணாம். நாங்களே வாரோம்" என்றாள் முருகேஸ்வரி.

நஸீஹா குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியிலிருந்து கழற்றி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்தாள்.