ஒரு நாளைக்கு ஒரு படி

நெய்வேலிக்கு வந்து டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் அதிகம். யார் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன ஒரு பதில் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

வேலாயுதம் கம்மாபுரம் பக்கத்துக்காரர். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு முறை எங்களிடம் வந்தார். தண்ணீர், கஞ்சி, டீ எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று அவர் மனைவி அஞ்சலையிடம் சொன்னேன்.

"லிட்டரு கணக்கெல்லாம் தெரியாதுங்க சிஸ்டர். வூட்ல படி இருக்குது."

"அப்ப ஒரு படின்னு வச்சுக்கோங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் அரிசி அளந்தது லிட்டர் படி. படி என்றால் எனக்கு அதுதான்.

ஒவ்வொரு முறையும் வேலாயுதத்தின் எடை ஏறியே இருந்தது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் என்னைத் திட்டினார், நான் அஞ்சலையைத் திட்டினேன்.

"பொய் சொல்லாதீங்கம்மா. பாவம் பார்த்துத் தண்ணி குடுக்கிறீங்க."

"சத்தியமா இல்லிங்க. காலையில ஒரு படி அளந்து வச்சுருவேன். அது தீந்துட்டா கெஞ்சிக்கினு கெடப்பாரு. நான் காதப் பொத்திக்கினு வெளிய போயிருவேன்."

நான் நம்பவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு அவரை ஐ.சி.யூ.வில் சேர்த்த அன்று, அஞ்சலை அந்தப் படியையே மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். முன்பு கூலி நெல் அளந்து வாங்கிய பழைய இரும்புப் படி. எங்கள் லிட்டர் ஜாடியில் தண்ணீர் பிடித்து அதில் ஊற்றினேன். ஜாடி காலியாகியும் படி நிறையவில்லை. இன்னும் அரை லிட்டருக்கு மேல் பிடித்தது.

மறுநாள் வேலாயுதம் இறந்துபோனார்.

"தப்பு என்னோடதும்மா. உங்க படி பெருசு. அவரு அளவுக்கு மேல குடிச்சிருக்காரு," என்று அஞ்சலையிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப தாகத்தோட போவல, இல்லிங்களா?" என்றார்.

"போகலைம்மா," என்றேன். அதுவும் டக்கென்று சொன்ன பதில்தான். கடைசிவரை அவர் உதடு காய்ந்துதான் கிடந்தது.

புதிதாகச் சேரும் சிஸ்டர்களே, அளவை வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டில் புழங்கும் பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லி, ஊற்றிப் பார்த்து, கோடு போட்டுக் கொடுங்கள். வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்தால், முதலில் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். அஞ்சலை அளந்ததில் ஒரு சொட்டுக்கூடத் தவறில்லை.