எழுந்து நின்ற பசு

மருந்து குழைத்த தேங்காய்ச் சிரட்டையை முகர்ந்தபோது முதலில் வந்தது வேப்பெண்ணெய் மணம்தான். அதற்கடியில் இன்னொரு மணம் கிடந்தது: வெங்காயத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் உண்ணி மருந்து எங்கள் மிருக வைத்தியசாலையில் தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. உரும்பிராயில் இருந்த பள்ளிக்கூடத்துக் கணக்கு ரீச்சர் தாமே ஒரு கணக்குப் போட்டு, இரண்டையும் கலந்து, தம் பசுவுக்குக் காதுமடல் தொடங்கி வாலடிவரை தேய்த்துவிட்டிருந்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்லர் அவர். அதுவே வினையாகிப் போனது.

பசு வாய்நீர் ஒழுக, மூச்சுத் திணறிப் படுத்துக் கிடந்தது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. கழுவுவதற்குச் சவர்க்காரம் இல்லை. துணி தோய்க்க வைத்திருந்த பனம்பழக் களியைக் கரைத்துத் தேய்த்து, கிணற்று நீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். ரீச்சரின் கைக்குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. பால்மா கண்ணில் படாத அந்த நாட்களில் அந்தப் பிள்ளை வளர்ந்தது இந்தப் பசுவின் பாலில்தான்.

என்னிடம் அற்றோப்பீன் ஊசிமருந்து அரைக் குப்பிதான் இருந்தது. அவ்வளவையும் ஏற்றினேன். சற்று நேரத்தில் வாய்நீர் நின்றது, மூச்சு சீரானது, தடுமாறித் தடுமாறிப் பசு எழுந்தும் நின்றுவிட்டது. ரீச்சர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பாவி, எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இனிப் பயமில்லைத்தானே, டொக்டர்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லி நரம்பு ஒரு இரசாயனத்தை அனுப்பும். வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிட உடம்பில் ஒரு நொதியம் உண்டு. பூச்சிமருந்து அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடுகிறது. அற்றோப்பீன் அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. நரம்பின் கட்டளை உள்ளே போகாமல் வாசலை மறித்து நிற்கும், அவ்வளவுதான். அது விலகியதும் எல்லாம் பழையபடி தொடங்கும். திரும்பத் திரும்ப ஏற்றினால் பிழைக்கும். ஆனால் குப்பி காலி. ஆஸ்பத்திரிகளில் மனிதருக்கே அது போதாமல் இருந்தது. பிழைத்தாலும் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. இவ்வளவையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரத்துக்கு இப்பிடி நிப்பாள்?"

"ஒரு மணித்தியாலம். மிஞ்சினால் ரெண்டு."

பொழுது சாயுமுன் பசு மறுபடி விழுந்தது. பிறகு எழவில்லை.

இன்று நான் வேலை செய்யும் ஊரில் அற்றோப்பீன் பெட்டி பெட்டியாக இருக்கிறது. எத்தனையோ மாடுகளை எழுப்பிவிட்டேன். ஆனால் அன்று, பசு இன்னும் நின்றுகொண்டிருந்தபோது, ரீச்சர் ஒன்று கேட்டார். கோபமே இல்லாமல், பாடம் விளங்காத பிள்ளையைப் போலக் கேட்டார்.

"அப்ப ஏன் டொக்டர் அவளை எழுப்பினனீங்கள்?"