நார்த்தங்காய்க் கடையில் ஒரு புது ஆள்

சோப்புக் கடையில் ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து பார்ப்பார் மைக்கேல்சாமி. பக்கத்துக் கடையில் வரகு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வார். எதையும் வாங்க மாட்டார். ஆனால் வாங்க வந்தவரைப் போல நடமாடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் கூடும் கைவினைச் சந்தை அது. சாக்குத்துணித் தோரணம், மண்குவளையில் காப்பி, எதைத் தொட்டாலும் முதலில் போட்டோ எடுக்கும் இளசுகள். நடுவே வெள்ளை வேட்டியும் பெரிய மீசையுமாக இவர்.

சுற்றிச் சுற்றி வந்து நிற்பது ஒரு நார்த்தங்காய் ஊறுகாய்க் கடையில்தான். "ஏம்மா, இது எந்த ஊருச் சரக்கு?" என்பார். "ஆவூருங்க," என்பார் கடைக்கார அம்மாள், நிமிராமல். ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். "இந்த மாதிரி இங்கிட்டு எங்கயும் சாப்பிட்டதில்லையே!" பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற குரல், வாசல்வரை கேட்கும். கூட்டம் தானாக வரும்.

கடைக்கார அம்மாள் வேறு யாருமில்லை, அவர் மனைவி ஜெபமாலையம்மாள். ஊறுகாய் போடத் தெரியும், கூவத் தெரியாது. முதல் மாதம் பாட்டில்கள் அப்படியே வீடு திரும்பின. அன்றைக்கு ஜெபமாலை சாப்பிடாமல் படுத்துக்கொண்டதைப் பார்த்த மனுஷனுக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த சந்தையில் ஆரம்பித்த வேஷம் இது.

இன்று பஸ்ஸில் வரும்போதே அந்த அம்மாள் சொல்லிவிட்டார். "கட்டுன பொண்டாட்டிய யாரோ எவரோன்னு கூப்புடுறீங்க. எனக்கு ஒப்பலைங்க. இன்னைக்கும் நடிச்சீங்கன்னா இதோட கடைய மூடிருவேன்."

பாவம், மனுஷன் மத்தியானம் வரை கடைக்குள் கைகட்டி உட்கார்ந்துதான் இருந்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜெபமாலை துடைத்த பாட்டிலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் மைக்கேல்சாமியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "காலாற நடந்துட்டு வாரேன்," என்று கிளம்பியவர், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடை முன்னால் வந்து நின்றார். "ஏம்மா, இது எந்த ஊருச் சரக்கு?"

ஜெபமாலை கையிலிருந்த பாட்டிலை மறுபடி துடைத்தார். மைக்கேல்சாமி தானாகவே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி, குரலை எடுத்தார். கல்லூரிப் பெண்கள் சிலர் வந்து சூழ்ந்தார்கள். ஒருத்தி கேட்டாள். "அங்கிள், நீங்க இவங்ககிட்ட முன்னாடியே வாங்கியிருக்கீங்களா?"

"இல்லம்மா, இன்னைக்குத்தான் மொதல்..." என்று தொடங்கியவரின் மீசையில் ஊறுகாய் எண்ணெய் வழிந்து இறங்கியது.

ஜெபமாலை பாட்டிலைக் கீழே வைத்தார். மேசைக்கு மேலே குனிந்து, அத்தனை பேர் பார்க்க, முந்தானை நுனியால் அந்த மீசையை நிதானமாகத் துடைத்துவிட்டார். "வீட்டுலயும் இப்படித்தான் ஒழுக விடுவாரு," என்றார் பெண்களிடம். "அடுத்த மாசமும் வருவோம்மா, காலி பாட்டில கொண்டாங்க, நெரப்பித் தாரேன்." மற்றப் பக்கத்து மீசைக்காக அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.