எஸ்பியெர்க் கடலில் நான் ஏறாத காற்றாலை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கோடை விடுமுறைப் பயணங்களைத்தான் எழுதுவேன். இது சம்பளத்துக்காகப் போன பயணம். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலையைப் படித்தேன். கடந்த செப்டெம்பரில் எஸ்பியெர்க் துறைமுகத்தில் இடம் கிடைத்தது. முதல் மூன்று மாதம் சோதனைக்காலம். நாற்பத்திரண்டு வயதில் இன்னொரு வேலை தேடி அலைய எனக்குத் தெம்பில்லை. இதை எப்படியாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்போடுதான் கிளம்பினேன். அந்த வேலை எப்படி என்று கேட்டு எழுதிய நாலைந்து பேருக்காக இந்தப் பதிவு.

ஹோர்சன்ஸிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இடையில் ஒருமுறை மாற வேண்டும். சீட்டு இருநூறு குரோனருக்குக் கிட்ட, முன்கூட்டியே எடுத்தால் குறையும். படகு காலை ஆறரைக்கே புறப்படுவதால் முதல் நாளே போய் விடுதியில் தங்கினேன். சைக்கிளையும் ரயிலில் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று, அந்த நேரத்தில் துறைமுகத்துக்கு எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை.

மனைவி புட்டும் மீன் குழம்பும் கட்டித் தந்திருந்தாள். "வெறும் வயித்தோடை கடலுக்குப் போகாதேங்கோ" என்று கட்டளை வேறு. விடியற்காலையில் ஒரு பிடி பிடித்தேன். அன்றைக்கு நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

துறைமுகத்தில் என் குழுத்தலைவி ஷர்மினி காத்திருந்தாள். இந்த நாட்டிலேயே, இஷொய் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், கடலில் ஏழு வருட அனுபவம். தமிழ்ப் பிள்ளை என்றதும் பாதிப் பயம் போனது. ஆனால் வேறொரு பயம் வந்தது. முன்பின் தெரியாதவர் முன்னால் மானம் போனால் பரவாயில்லை, எங்கள் ஆள் முன்னால் போகக் கூடாதே.

"அண்ணை, மேலை ஆரும் தனிய ஏறுறேல்லை. நீங்களும் நானும்தான் சோடி. ஏலாட்டி 'ஸ்டொப்' எண்டு சொல்லுங்கோ. ஆரும் ஏன் எண்டு கேக்க மாட்டினம்" என்றாள்.

"ஓம் ஓம்" என்றேன். மேலதிகாரி எதைச் சொன்னாலும் எங்கள் வாயில் வருவது அதுதானே.

காற்றாலைகளுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம். அரை மணி நேரத்திலேயே புட்டு திரும்பி வந்துவிட்டது. படகுப் பணியாளன் யெப்பே ஒரு வாளியைக் கையில் தந்துவிட்டு, முதல் மாதம் முழுக்கத் தானும் இப்படித்தான் கிடந்ததாகச் சொன்னான். நல்ல மனிதன். இடையில் ஷர்மினி இரண்டு தரம் வந்து, "சுகமோ அண்ணை?" என்று கேட்டாள். இரண்டு தரமும் ஓம் என்றேன்.

படகு தன் மூக்கைக் காற்றாலையின் மஞ்சள் அடித்தூணில் முட்டிக்கொண்டு நிற்கும். படகு அலையோடு ஏறி இறங்கும், தூணில் உள்ள ஏணி அசையாது. யெப்பே பாதுகாப்புக் கயிற்றை மாட்டிவிட்டு, அலை பார்த்துச் சொல்லும்போது கால் எடுத்து வைக்க வேண்டும். பயிற்சியில் பலமுறை செய்ததுதான்.

"தயாரா?" என்று அவன் டேனிஷில் கேட்டான். தயார் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாம் தரமும் கேட்டான். அதற்கும் தயார் என்றேன்.

வாந்தி எடுத்த களைப்பில் கையில் பிடிப்பே இல்லை. நான் ஏறாவிட்டால் ஷர்மினியும் ஏற முடியாது, பழுதாகி நிற்கும் காற்றாலை இன்னொரு நாளும் அப்படியே நிற்கும். சோதனைக்காலத்தின் முதல் நாளே இப்படியென்றால் வேலை போச்சு. ஆனால் படகுக்கும் ஏணிக்கும் நடுவில் நசுங்கிய ஆளுயரப் பொம்மையைப் பயிற்சியில் காட்டியிருந்தார்கள். அது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"ஸ்டொப்" என்றேன். யெப்பே ஏன் என்று கேட்கவில்லை. கயிற்றைக் கழற்றினான். படகு பின்வாங்கியது.

ஷர்மினி காய்ந்த பாண் ரொட்டித் துண்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கள் ஓம் ஓம் எண்டு சொல்லேக்கைதான் அண்ணை எனக்குப் பயமா இருந்தது. மேலை எனக்கு ஒண்டு நடந்தா நீங்கள்தானே என்னைக் கீழை இறக்கோணும்?"

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

மாலையில், துறைமுகத்தில் எங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பப் போகிறார் என்று பையையும் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கைகொடுத்து, "சொன்னதற்கு நன்றி" என்றார். பிறகு கடல் குமட்டலுக்கு மருத்துவரிடம் என்ன மாத்திரை கேட்கலாம், எத்தனை மணிக்குப் போடலாம் என்று பொறுமையாக விளக்கினார். அவ்வளவுதான். இந்த நாட்டில் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதருக்கும், ஷர்மினிக்கும், வாளி தந்த யெப்பேக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

போகிறவர்களுக்கு: குமட்டலுக்குத் தூக்கம் வரவைக்காத மாத்திரையாகக் கேட்டு, படகேற ஒரு மணி நேரத்துக்கு முன் போடுங்கள். காலையில் வெறும் பாண் போதும். படகின் பின்பக்கம் இருந்து தொடுவானத்தைப் பாருங்கள். புட்டைக் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆனால் வேலை முடிந்த பிறகு சாப்பிடுங்கள். ஷர்மினிக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியிருந்தது. அதே மஞ்சள் தூண், அதே ஏணி. யெப்பே கயிற்றை மாட்டிவிட்டு, தயாரா என்று கேட்டான். தயார் என்றேன். அவன் இரண்டாம் தரம் கேட்கவில்லை.