டவுனில் செத்தவர், படுவான்கரையில் இருப்பவர்

நிவாரண அலுவலகத்தில் எனக்கு ஜெனரேட்டர் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. கம்ப்யூட்டரைத் துடைப்பேன், தட்டமாட்டேன்.

ஒரு கம்ப்யூட்டர் மட்டக்களப்பு டவுனில். மற்றது வாவிக்கு அப்பால், இயக்கம் வைத்திருந்த படுவான்கரையில். இரண்டிலும் ஒரே பட்டியல், கோதுமை மாவும் பருப்பும் எடுக்கும் குடும்பங்கள். இங்கே அடித்தால் அங்கேயும் ஏறும்.

ஒரு காலை டவுன் கிளார்க் படுவான்கரை விவசாயி ஒருவரைச் செத்தவர் என்று அடித்துவிட்டார். செத்தது அந்த விவசாயியின் அண்ணன். கால் மணித்தியாலத்தில் அக்கரைக் கிளார்க் திருத்தினார். பின்னேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுபடவில்லை. அது என் பிழை. டவுன் கம்ப்யூட்டர் பாதி வேலையில் அணைந்து விழுந்தது.

பிறகு பட்டியல் திறக்கவில்லை. கொழும்பிலிருந்து கம்ப்யூட்டர் திருத்தும் ஒரு மிஸ் வந்தார். விழுந்த மிசின், இரண்டு கரையிலும் அடித்ததையெல்லாம் நேர வரிசையில் திரும்பச் செய்து பார்க்குமாம். முடிவு மற்ற மிசினோடு ஒத்துவந்தால்தான் திறக்குமாம். அந்த ஒரு மனிதரில் இடித்தது. டவுனில் செத்தவர், அக்கரையில் இருப்பவர்.

மறுநாள் மா கொடுக்க வேண்டும். டவுனில் உள்ளதே சரி என்று வைத்துத் திறக்கச் சொன்னார் பொறுப்பாளர். திறந்தால் அந்த மனிதருக்கு மா இல்லை. திரும்ப உயிரோடு எழுதுவிக்க ஆறு கடிதம் வேண்டும்.

அந்த விவசாயி படகேறி வந்து வாங்குப் பலகையில் குந்தினார். கூட வந்த ஊர்க்காரர் விடவில்லை.

"அண்ணே, செத்தெண்டு ஒத்துக்கொண்டா என்ன? எங்களுக்கெண்டாலும் மா கிடைக்கும்."

"நீ சாவன்கா. எனக்கு வயல் வட்டைக்குத் தண்ணி கட்ட இரிக்கு."

மிஸ் மூன்று தரம் ஓட்டினார். மூன்று தரமும் செத்தார்.

"ஐயா, உங்களுக்கு முதல்ல உயிர் வருது, பிறகுதான் சாவு வருது."

"எல்லாருக்கும் அப்பிடித்தானே புள்ள."

மிஸ் நேரத்தை வாசித்தார். செத்தது பத்து பத்துக்கு. திருத்தியது ஒன்பது ஐம்பத்தைந்துக்கு. "சாக முதலே எப்படித் திருத்தினாங்க?"

நான் தேத்தண்ணி வைத்தேன். "அது பழைய நேரம், மிஸ்."

அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தது. படுவான்கரையில் இயக்கம் பழைய நேரத்தையே வைத்திருந்தது. படகால் இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்புவோம். அங்கே கம்ப்யூட்டரையும் அப்படியே திருப்பி வைத்திருந்தார்கள். இதைப் போய் யாருக்குச் சொல்வது?

 மிஸ் அக்கரைக் குறிப்புகளுக்கு அரை மணித்தியாலம் கூட்டி ஓட்டினார். பட்டியல் திறந்தது. அக்கரைக் கம்ப்யூட்டரில் புது நேரம் வைக்கச் சொன்னபோது அந்தக் கிளார்க் இயக்கத்துக்குப் பயந்தார். கடைசியில் வைத்தார். நேரம் தெரியும் மூலையில் பிளாஸ்டர் ஒட்டினார்.

மா எடுக்கும் துண்டுச்சீட்டை வாங்கிய மனிதர் போகவில்லை.

"தம்பி, என்ட மனிசி விதவைக் காசுக்குப் பாரம் ஒண்டு நிரப்பிக் குடுத்தவ. அத எடுத்துத் தா."

தேடி எடுத்தேன். கணவன் செத்ததற்குச் சாட்சி என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது.