சித்தப்பா நிமிர்ந்து நின்ற ஜெட்

சித்தியின் கைப்பேசி ஸ்பீக்கரில் இருந்தது. சித்தி கூலி வேலை செய்யும் உப்பள வரப்பில், லீவில் ஊருக்கு வந்திருந்த நானும் சேர்ந்து நாலைந்து பேர் அதைச் சுற்றி நின்றோம். துபாயில் சித்தப்பாவுக்கு மூளை ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது; ஊருக்கு அனுப்புவதென்றால் படுக்கவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று அங்கிருந்து ஒரு தமிழ் நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து வந்துவிட்டது: "சின்ன ஜெட் ஒண்ணு புடிச்சிடலாம் சித்தி."

பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் நிமிராமலே கேட்டார்: "ஏம்பா, எங்க எறக்குவ? நம்ம பாத்தியிலயா?" சித்தி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். நம்பிவிட்டாள்.

நம்பக் காரணம் இருந்தது. நான் விமானப் பொறியியல் படித்தவன். சென்னையில் ஒரு வாடகை ஜெட் நிறுவனத்தில் இருக்கிறேன். எந்தச் சின்ன ஜெட் எவ்வளவு தூரம் போகும், உள்ளே எவ்வளவு வசதி, ஒரு மணி நேரம் பறக்க என்ன செலவு என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் வேலை. இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவரே சித்தப்பாதான். அங்கே தனியார் ஜெட்டுகளின் உட்புறத்தைத் துடைப்பவர் அவர். நான் பள்ளியில் படித்த காலத்தில், சூப்பர்வைசர் இல்லாத நேரம் பார்த்து வீடியோ காலில் வருவார். "நில்லுங்க சித்தப்பா, முதுகு நிமிருதா?" என்பேன். முதல் ஜெட்டில் இடுப்பை மடக்கி நடந்தார். "டேய், இதுக்கு நம்ம ஊரு ஷேர் ஆட்டோ தேவல." இரண்டாவதில் கழுத்து மட்டும் வளைந்தது. மூன்றாவதில் நேராக நின்று, தலைக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரலை நுழைத்துக் காட்டினார். "இதான்டா மனுசனுக்குச் செஞ்சது." உட்காரச் சொன்னால் மட்டும் மாட்டார். "தொடச்சவன் ஒக்காந்தா மறுபடி தொடைக்கணும்." இன்றும் வாடிக்கையாளரிடம் வசதியைப் பற்றிப் பேசும்போது, சித்தப்பா நிற்பாரா மடங்குவாரா என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.

இப்போது அதே மூன்றிலும் அவரைப் படுக்கவைத்துப் பார்த்தேன். முதலாவது மலிவு. ஆனால் டாக்டர், நர்ஸ், ஆக்சிஜன் எல்லாம் ஏற்றினால் ஒரே மூச்சில் சென்னை வராது, நடுவில் இறங்கி எரிபொருள் போட வேண்டும். கதவும் குறுகல், ஸ்ட்ரெச்சரைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். இரண்டாவது நிற்காமல் வரும், டாக்டர்தான் ஒடுங்கி உட்கார வேண்டும். மூன்றாவதில் எல்லாம் சரி, எரிபொருளைக் குடிப்பது உட்பட. எதை எடுத்தாலும் விமானம் ஒரு வழி காலியாகப் பறக்கும்; அந்தச் செலவும் நம் தலையில்தான். எங்கள் மேலாளர் நிறுவனத்தின் லாபத்தைக் கழித்துவிட்டுத் தொகைகளைக் காட்டினார். நல்ல மனிதர். இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகியவன் நான். உப்பளக் கூலியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மூன்றும் ஒரே உயரத்தில் பறந்தன.

ஒரு வாரம் சித்திக்குப் பிடிகொடுக்காமல் இருந்தேன். பிறகு, "ஜெட்டு வராது சித்தி" என்றேன்.

"அப்ப எது வரும்?"

கோபமில்லாமல்தான் கேட்டாள்.

பயணிகள் விமானத்தில் பின்வரிசை இருக்கைகளை மடக்கி, மேலே ஸ்ட்ரெச்சர் பொருத்துவார்கள். வேகமும் சொகுசும் ஒப்பிட்டே பழகிய எனக்கு இது கடைசியாகத்தான் தோன்றியது. இதற்கும் பணம் வேண்டும்; ஆனால் சித்தி வாயால் சொல்லக்கூடிய தொகை. அங்குள்ள டாக்டர் சம்மதிக்க வேண்டும், வரிசை காலியாக இருக்க வேண்டும், கூட வர ஒரு நர்ஸ் வேண்டும். ஒன்றும் என் கையில் இல்லை.

இன்று, நான் மறுபடி ஊருக்கு வந்திருக்கும்போது, விமான நிறுவனத்திலிருந்து பேசிய பெண்மணி நோயாளியின் உயரம் கேட்டார். சித்திக்குத் தெரியவில்லை. "என்ன விட ஒரு சாண் ஒசரம்னு சொல்லேன்" என்றாள். மூன்றாவது ஜெட்டின் கூரை உயரம் எனக்கு மனப்பாடம். நாலு விரலைக் கழித்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். "டாக்டர் லெட்டர் வரட்டும் சார், பார்க்கலாம்."

நாளை அந்த டாக்டர் பேசுவதாக நர்ஸ் சொல்லியிருக்கிறார். முடியாது என்றுகூடச் சொல்லலாம். சித்தி வேலைக்கு நடுவே, அதே வரப்பில்தான் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நிற்பாள். இந்தத் தடவை டாக்டர் பேசி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்காமல் இருந்து பார்க்க வேண்டும்.